எனெபிஷ் பார்க்காத கரடி

எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவரிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது. "எப்போ போய்ச் சேருவோம்?" என்பதுதான் அது. கேட்டால் போய்ச் சேர மாட்டோம். டயர் வெடிக்கும், இல்லையென்றால் காய்ந்த ஆற்றுப் படுகையில் சக்கரம் புதையும், ஒன்றுமே இல்லையென்றால் மணற்புயலாவது வரும். கோபி பாலைவனத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒரு தடவை தலைநகரிலிருந்து படம் எடுக்க வந்த ஒருத்தர், கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் கேட்டுவிட்டார். வண்டி ஓட்டியது எனெபிஷ் அண்ணன். வண்டியை நிறுத்தினார், இன்ஜினை அணைத்தார், இறங்கிப் போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். அரை மணி நேரம் கழித்து வந்து, "அந்தக் கேள்வி போகட்டும்னு உக்காந்திருந்தேன். போயிடுச்சு, ஏறுங்க," என்றார்.

நான் ஹந்தா. சுல்தெம் ஐயாவின் ஆராய்ச்சிப் பயணங்களில் சமையல்காரி. பதினோரு வருஷமாக அந்த வண்டியின் முன் இருக்கையில், எனெபிஷ் அண்ணன் பக்கத்தில், மடியில் உப்புத் தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்து போனவள். என் வாய் கொஞ்சம் நீளம். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் அந்த மனுஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எனெபிஷ் என்றால் எங்கள் மங்கோலிய மொழியில் 'இது இல்லை' என்று அர்த்தம். அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. பிள்ளை பிடிக்க வரும் பேய் வாசலில் நின்று "இதுவா?" என்று கேட்டால், பெயரே "இது இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும் என்று நினைத்து அவர் அம்மா வைத்த பெயர். பலித்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயதாகிறது, ஒரு பல் விழவில்லை. ஆனால் பேய் மட்டுமா திரும்பிப் போயிற்று? நல்லதும் வாசல்வரை வந்து, பெயரைக் கேட்டுவிட்டு, சரிதான் என்று போய்விட்டது என்றுதான் நான் சொல்வேன். கட்டின பெண்டாட்டி ஆறு வருஷம்தான் உயிரோடு இருந்தாள்.

ஒரே மகள், சோலோங்கோ. வானவில் என்று பொருள். எங்கள் மொழியில் கொரியா நாட்டுக்கு சோலோங்கோஸ் என்று பெயர். "அந்தப் பேரை வெச்சா அந்த ஊருக்குத்தானே போவா? உனக்கு வேற பேரா கிடைக்கல?" என்று ஊரில் எல்லோரும் ஒரு தடவையாவது அவரைக் கேலி செய்திருக்கிறார்கள். அவரும் சிரித்துவைப்பார். ஒன்பது வருஷமாக அவள் அங்கே ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடி செய்கிறாள். விசா முடிந்தும் தங்கிவிட்டாள். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் வரவில்லை.

எனெபிஷ் அண்ணனின் வண்டி சாம்பல் நிற ரஷ்ய வேன். பெரிய ரொட்டிக்குச் சக்கரம் மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு முப்பத்தொரு வருஷமாக சகான்-உஸ் பள்ளத்தாக்குக்குப் போய்வருகிறார். எங்கள் ஊரிலிருந்து இரண்டு நாள் வழி. வழி என்று ஒன்று கிடையாது, கூழாங்கல் வெளியும் காய்ந்த ஆறும்தான். எந்த மணல் தாங்கும், எது வாயைத் திறக்கும் என்று அதன் நிறத்தைப் பார்த்தே சொல்வார். மிருகங்களும் முதலில் அவர் கண்ணில்தான் படும். தொலைநோக்கி வைத்திருக்கிற சுல்தெம் ஐயா தேடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி, "அதோ, பதினாலு ஒட்டகம். கடைசிது நொண்டுது," என்பார். காட்டு ஒட்டகம், காட்டுக் கழுதை, மலையாடு, ஒரே ஒரு தடவை பனிச்சிறுத்தை. அவர் பார்க்காத மிருகம் அங்கே ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் எதைப் பார்ப்பதற்காக அவர் வண்டியில் ஏறுகிறார்களோ, அது. கோபிக் கரடி.

உலகத்திலேயே அது ஐம்பதுக்கும் குறைவு. இருப்பதெல்லாம் எங்கள் மலைகளில்தான். பயணத்தில் கரடியைக் கரடி என்று சொல்ல மாட்டோம். பெயரைச் சொன்னால் அதற்குக் கேட்கும், கேட்டால் வராது. 'பெரியவர்' என்போம். பெரியவர் தண்ணீர் குடிக்க வருகிற ஊற்றுக்குப் பக்கத்தில் கல் அடுக்கிய மறைவிடம் ஒன்று இருக்கிறது. வண்டி அதற்கு நாலு கிலோமீட்டர் தள்ளி, ஒரு குன்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பெட்ரோல் வாடை ஆகாது. அந்த வண்டியைத் தனியாக விட்டுப் போகவும் கூடாது. தண்ணீர் பீப்பாய் அதில், ரேடியோ அதில், உயிர் அதில். ஓட்டத் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம் மாதிரி. ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆக, முப்பத்தொரு வருஷமாக ஊரையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, அவர் குன்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் அவர்கள் முகமெல்லாம் சிவந்து ஓடி வந்து, "பாத்தோம் அண்ணே! பாத்தோம்!" என்று கதை சொல்வார்கள். கேட்டுக்கொண்டே டயருக்குக் காற்று பார்ப்பார்.

அவருக்கு ஆசை இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு வருஷம் முன் அச்சு உடைந்து, உதிரி வருவதற்காக நானும் அவரும் மட்டும் வெட்டவெளியில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னார்.

சோலோங்கோவுக்கு அப்போது எட்டு வயது. தாயில்லாப் பிள்ளை, பள்ளி விடுதியில் இருந்தாள். கோடை விடுமுறைக்கு விடுதியை மூடுகிற அன்று வந்து கூட்டிப் போவதாக அவர் சொல்லியிருந்தார். வண்டியில் வந்தவர்களோ பெரியவரைப் பார்க்காமல் திரும்ப மாட்டோம் என்று மூன்று நாள் கூடத் தங்கிவிட்டார்கள். இவர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பேசவில்லை, சாப்பிடவில்லை.

"என்ன பண்றதுன்னு தெரியல, ஹந்தா. சட்டுனு வாயில வந்துது. 'அப்பா பெரியவரைப் பாத்தேன்டா, அதான் லேட்டு. கண்ணை எடுக்கவே முடியல'ன்னேன். அப்படியே திரும்பிப் பாத்தா. 'நெஜமாவா? எவ்ளோ பெருசு?'ன்னா. நானும் அவங்க சொன்னதையெல்லாம் வெச்சு அளந்து விட்டேன். அன்னைக்கு அவ சாப்பிட்டா."

"சின்னப் பிள்ளைகிட்ட சொன்னது. அதுக்கு என்ன இப்போ?"

"இப்பவும் கேக்கறா. ஒவ்வொரு தடவையும். 'இந்த வருஷமும் பாத்தீங்களாப்பா?'ங்கிறா. பாத்தேம்மாங்கிறேன். ஒரே ஒரு தரம் நெஜமாவே பாத்துட்டா, முன்னாடி சொன்னது எல்லாத்துக்கும் சேத்து சரியாயிடும்."

அச்சு உடைந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவர் இதைச் சொன்னார். முகம் தெரியவில்லை. இருபத்து நாலு வருஷமாக ஒரு மனுஷன் ஒரு பொய்யை உண்மையாக்கக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவர் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதை அவரிடம் சொன்னதில்லை. இவ்வளவு பேசுகிற நான் அதை மட்டும் சொன்னதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில் லைசென்ஸ். என் மருமகன், "அத்தை, எதிர்ல வர்ற ஒட்டகத்துக்கும் லைசென்ஸ் எடுத்துக் குடுத்துடுங்க, அதுக்கும் பயமில்லாம இருக்கும்," என்றான். சொல்லிக்கொள்ளட்டும்.

மே மாதம் கிளம்பினோம். சுல்தெம் ஐயா, எனெபிஷ் அண்ணன், நான், மூன்றே பேர். சக்கரங்களுக்குப் பால் தெளித்துவிட்டு ஏறினேன். முதல் இரவு தங்கிய கூடாரத்தில், காலைத் தேநீரின்போது, இனியும் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"ஐயா, இந்தத் தடவை நான் வண்டியைப் பாத்துக்கறேன். எனெபிஷ் அண்ணன் உங்ககூட வந்து கரடியைப் பாக்கட்டும். பாத்துட்டுத்தான் வருவார், எழுதி வெச்சுக்குங்க."

இருவர் கையிலும் கிண்ணம் அப்படியே நின்றது.

"ஏம்மா, ஒரே வாயில எத்தனை தப்பு பண்ணுவே?" என்றார் சுல்தெம் ஐயா. "பேரையும் சொல்லிட்டே, நடக்கும்னும் சொல்லிட்டே."

எனெபிஷ் அண்ணன் மோதிர விரலைத் தேநீரில் நனைத்து வானத்துக்கு ஒரு சொட்டு, மண்ணுக்கு ஒரு சொட்டு தெளித்தார். "உன் வாயை வெச்சு அடுப்பு ஊதினா விறகு மிச்சம்," என்றார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. சிகரெட்டை எடுத்து, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பற்றவைக்காமல் பெட்டிக்குள் வைத்தார்.

அப்புறம் அவரைக் கழுவுகிற வேலை. முப்பத்தொரு வருஷத்துப் பெட்ரோல் லேசில் போகுமா? வழியில் ஒரு ஊற்றில் சட்டையைக் கழற்றச் சொல்லி, விறகுச் சாம்பலைக் குழைத்துக் கொடுத்தேன். தேய் தேய் என்று தேய்த்தார். எங்கள் வீட்டுப் பூஜைக்குப் போடுகிற மலைச்செடியைப் பற்றவைத்து, அவரைச் சுற்றிச் சுற்றிப் புகை காட்டினேன். சுல்தெம் ஐயா மோந்து பார்த்தார். படித்த மனுஷர், ஆட்டுக்குட்டி மாதிரி கழுத்தையெல்லாம் மோந்தார்.

"காதுக்குப் பின்னாடி இன்னும் பெட்ரோல் வருது."

"அது பெட்ரோல் இல்லைங்க ஐயா. அது நான்தான்."

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு வேண்டியிருக்கிறது.

மூன்று நாள்தான் சுல்தெம் ஐயாவுக்கு அங்கே அனுமதி. விடியும்போது இருவரும் நடந்து போவார்கள், வெயில் சாயும்போது வருவார்கள். முதல் நாள், காட்டுக் கழுதைகள். இரண்டாம் நாள், ஒரு ஓநாய் தூரத்தில். எனெபிஷ் அண்ணன் வந்ததும் நேரே வண்டியிடம் போவார். உட்கார்ந்து வண்டியைத் தடவிப் பார்ப்பார், நான் அதை ஏதாவது செய்துவிட்டேனோ என்று. இரண்டாம் நாள் இரவு உணவை அவர் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மூன்றாம் நாள் காலையில் நான் பெல்ட்டைச் சரிசெய்துவிட்டபோது, புதுத் துணி போட்ட மாப்பிள்ளை மாதிரி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"போய்ட்டு வாங்க," என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கற்றுக்கொண்டிருந்தேன்.

நடுப்பகல். வேனுக்குள் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஆட்டுக் கொழுப்பு உருகின சட்டி வெளியே கல்லின் மேல் ஆறிக்கொண்டிருந்தது. சட்டி உருளுகிற சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்துத் தலையைத் தூக்கினால், பெரியவர்.

பெரியவர் என்கிறோமே தவிர, அவ்வளவு பெரிதில்லை. ஒரு வயதுக் கன்று அளவு. குளிர்காலத்து முடி கொத்துக் கொத்தாகக் கழன்று, பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்த ஏழைக் கிழவர் மாதிரி இருந்தது. கழுத்தில் வெளுத்த பட்டை, ஒரு காதின் நுனி இல்லை. சட்டியை நக்கியது. பாத்திரம் கழுவின தண்ணீரைக் குடித்தது. பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, பின்காலில் எழுந்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவில் இரண்டு கைகளையும் வைத்து, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தது. அவர் இருக்கையைப் பார்த்தது. மூச்சு கண்ணாடியில் படிந்தது.

அவர்களைக் கூப்பிடுகிற ரேடியோ என் கையில் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தினால் சத்தத்துக்கு ஓடிவிடும். சொன்னாலும் நாலு கிலோமீட்டரை அந்த மனுஷன் எப்படி ஓடி வருவார்? வாயில் மாவுக் கையை வைத்துப் பொத்திக்கொண்டு அழுதேன். பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் ஆசைப்படாதவள் நான். இருபத்து நாலு வருஷம் காத்திருந்தவர் ஊற்றங்கரையில் கல்லோடு கல்லாகக் கிடக்கிறார். கரடி இறங்கி, திரும்பிப் பார்க்காமல், குன்றைத் தாண்டிப் போய்விட்டது.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய மடத்தனம். வண்டியைச் சுற்றி மணலெல்லாம் தடம். அவர் வந்து பார்த்தால் உடைந்துபோவார், முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்த இடத்தை அவர் விட்டு எழுந்த அன்றைக்குத்தான் அது அங்கே வந்தது என்று தெரிந்தால் தாங்குவாரா என்று நினைத்தேன். துடைப்பத்தை எடுத்தேன். ஒரு தடம் விடாமல் பெருக்கினேன். கண்ணாடியைத் துடைத்தேன். சட்டியைக் கழுவினேன்.

சாயங்காலம் வந்தார்கள். "ஒண்ணும் இல்ல," என்றார் சுல்தெம் ஐயா. எனெபிஷ் அண்ணன் புன்னகை செய்யக்கூட முயன்றார். "ஒட்டகம் ஒண்ணு குட்டியோட வந்துது. அழகா இருந்துது," என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு வந்தவர், நின்றார். குனிந்து பார்த்தார். துடைப்பத்தின் கோடுகள் வண்டியைச் சுற்றி வரி வரியாகக் கிடந்தன.

"ஹந்தா. கோபியை யாரு பெருக்குவாங்க?"

துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"எதை அழிச்சே?"

சொன்னேன். அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காதைச் சொன்னேன், கழுத்துப் பட்டையைச் சொன்னேன், கதவில் கையை வைத்ததைச் சொன்னேன். அவர் கதவைத் தொட்டார். பிறகு என் மேல் பாய்ந்தார். பதினோரு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"தடத்தையாவது விட்டு வெச்சிருக்கலாமே! ஒரே ஒண்ணு. கையை வெச்சுப் பாத்திருப்பேனே! அதைக்கூட உன்னை யாரு எடுத்துக்கச் சொன்னா?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"என் கஷ்டம் என்னோடது. அதை நீ எதுக்குப் பெருக்கறே?"

சுல்தெம் ஐயா விளக்கை எடுத்துக்கொண்டு குன்றுவரை போய்த் தேடினார். அப்பால் முழுக்கக் கல்தரை. ஒன்றும் இல்லை.

திரும்பி வரும் வழியில் எனெபிஷ் அண்ணன் மணலை மட்டும் பார்த்து ஓட்டினார். விரலைத் தூக்கி எந்த மிருகத்தையும் காட்டவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் போன் எடுக்கிற மேட்டுக்கு வந்தோம். எங்கள் பக்கத்தில் அங்கே மட்டும்தான் சிக்னல். ஒவ்வொரு பயணத்திலும் அங்கே வண்டியை நிறுத்தி மகளைக் கூப்பிடுவார். இன்ஜின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு வேலை இல்லை. உடனே எடுத்தாள்.

"அப்பா! நல்லா இருக்கீங்களா? பாத்தீங்களா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். எனக்குப் பொறுக்கவில்லை. நான் அழித்ததற்கு நான்தானே ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்துப் போனுக்குள் கத்தினேன்.

"நான் ஹந்தா சித்தி பேசறேன். பாத்தோம்மா! உங்கப்பாவும் நானும் சேந்து பாத்தோம். கதவுகிட்டயே வந்துது, கழுத்துல வெள்ளைப் பட்டை..."

எனெபிஷ் அண்ணன் என் கையை விலக்கினார். கோபமாக இல்லை.

"பொய் சொல்றா," என்றார். "நான் பாக்கலம்மா."

"சரிப்பா. அடுத்த வருஷம் பாப்பீங்க. அதான் ஏற்கனவே பாத்திருக்கீங்களே."

"இல்ல. ஒரு தடவையும் பாத்ததில்ல."

சிக்னல் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். போகவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்போ அன்னைக்கு?" என்றாள் சோலோங்கோ. முப்பத்திரண்டு வயதுப் பெண்ணின் குரல் மாதிரி இல்லை அது. "விடுதிக்கு மூணு நாள் லேட்டா வந்தீங்களே. அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

"வண்டிகிட்ட," என்றார் எனெபிஷ் அண்ணன். "அவங்கெல்லாம் பாக்கப் போயிருந்தாங்க. வண்டியை விட்டுட்டு வர முடியாது. அவங்க வருவாங்க வருவாங்கன்னு பாத்துக்கிட்டு, சும்மா உக்காந்திருந்தேன்."

காற்று அடித்தது.

"நானும்தாம்பா," என்றாள். "விடுதிப் படிக்கட்டுல. துணி மூட்டையை மடியில வெச்சுக்கிட்டு. நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன்."